ஐந்து தொன் இழுக்கிற வண்டிக்குப் பெட்டி பூட்டும் முறை

முதலில் வண்டியை வாங்கிவிடுங்கள். எதை இழுக்கப்போகிறோம் என்று யோசித்து வண்டி வாங்குவது வியாபாரிகளின் பழக்கம். காரைநகரில் பிறந்து கொழும்பிலும் மலைநாட்டிலும் கடை போட்ட எங்கள் பாட்டன்மார் அப்படித்தான் யோசித்தார்கள். அதனால்தான் அவர்களில் ஒருவரும் பிக்கப் வாங்கவில்லை. நீங்கள் படித்தவர்கள். நிறம், உயரம், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியது என்ன, இந்த மூன்றையும் பார்த்தால் போதும். விற்கிறவர் "இது அஞ்சு தொன் இழுக்கும்" என்று ஒரு எண் சொல்லுவார். அதைப் பாடமாக்குங்கள். வேறெந்த எண்ணையும் காதில் போடாதீர்கள்.

இந்த முறை என் மூளையில் உதித்ததல்ல. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அக்காவின் மகன் கண்டுபிடித்தது. ஒருநாள் இரவு வட்ஸ்அப்பில் ஒரு கறுப்பு பிக்கப்பின் படம் வந்தது. அடுத்த மாதம் இன்னொரு படம்: அதே பிக்கப், பின்னால் ஒரு வீடு. சில்லுப் பூட்டிய வீடு. கட்டில், குசினி, கக்கூஸ், குளிரூட்டி எல்லாம் உள்ளே. காம்பிங் ரெயிலராம், எங்கள் பாசையில் பெட்டி. காட்டுக்குள்ளே போய் இயற்கையோடு இருப்பதற்கு இவ்வளவும் வேண்டுமாம். "மாமா, நீங்கள் பெட்டி இழுத்த ஆள்தானே, ஒரு புத்தி சொல்லுங்கோ" என்று கீழே எழுதியிருந்தான். நான் காரைநகர் வலந்தலைச் சந்திக்குக் கிட்ட இருக்கிறவன். இடம்பெயர்ந்து திரிந்த காலம் கழிய, முப்பது வருசம் லான்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் பிடித்தவன். புத்தி கேட்டால் சொல்லாமல் இருப்பேனா? சொன்னேன். ஒன்றையும் அவன் கேட்கவில்லை. கேளாமல் அவன் செய்ததைத்தான் இங்கே வரிசையாகத் தருகிறேன், விரும்பியவர்கள் பின்பற்றலாம்.

அந்த ஐந்து தொன் எங்கேயிருந்து வந்தது என்று விசாரிக்காதீர்கள். விசாரித்தால் மனம் கெடும். அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம் ஒன்று ஜே2807 என்று ஒரு அளவுமுறை வைத்திருக்கிறது. அதன்படி பெரிய பிக்கப்பைச் சோதிக்கும்போது உள்ளே இரண்டு பேர் இருப்பதாகக் கணக்கு. ஆளுக்கு 68 கிலோ. பின்னால் சாமான் கிடையாது, பிள்ளைகள் கிடையாது, ஐஸ் பெட்டி கிடையாது, "எதுக்கும் இருக்கட்டும்" என்று கடைசி நேரத்தில் எறிந்த பாய் கிடையாது. அப்படி ஓடினால்தான் ஐந்து தொன். 68 கிலோவில் இரண்டு பேர் மட்டும் ஏறி, வெறுங்கையோடு காம்பிங் போகிற தமிழ்க் குடும்பம் ஒன்றை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பெட்டி வாங்கும்போதும் இதே ஒழுங்குதான். புத்தகத்தில் இரண்டு நிறை போட்டிருப்பார்கள். சின்ன எண் வெறும் பெட்டியின் நிறை. பெரிய எண், சாமான் ஏற்றி அது தாங்கக்கூடிய முழு நிறை. சின்ன எண்ணை மட்டும் பாருங்கள். மருமகன் பார்த்தது 2,950 கிலோ. ஐந்து தொன்னுக்குள் மூன்று தொன், இன்னும் இரண்டு தொன் மிச்சம் என்று துள்ளினான். அந்த 2,950இல் தண்ணீர் இல்லை. தாங்கியில் 200 லீற்றர் நிரப்பினால் 200 கிலோ, தண்ணீருக்கு அந்தக் கணக்கு எங்கள் ஊர்ச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். காஸ் சிலிண்டரும் பற்றரியும் 60. பிறகு அரிசி, உரல், இடியப்ப உரலும் தட்டும், கூழுக்குப் பெரிய பானை, கதிரைகள், ஜெனரேற்றர், கரம் போட், மூன்று மெத்தை, ஒரு தேங்காய்த் துருவலை. 490 கிலோ என்று வைத்தேன், குறைத்துத்தான் வைத்தேன். மொத்தம் 3,700.

உரலை ஏன் கொண்டு போனீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். "விட்டுட்டுப் போனால் பிறகு தேடவேண்டி வரும்" என்றா. காட்டுக்குள் மூன்று நாள் இருந்துவிட்டு வீடு திரும்புகிறவ சொல்லுகிற கதையில்லை இது. 1991இல் சண்டை துரத்தக் காரைநகரை விட்டு வெளிக்கிட்டபோது அவ ஒரு பையோடு வெளிக்கிட்டா. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது என் லான்ட்மாஸ்ரர் பெட்டியில் நான்கு வீட்டுச் சாமானும் இரண்டு கிழவிகளும் ஒரு ஆடும் இருந்தன. அதன் நிறை என்ன என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. நாவற்குழிப் பாலம் வரைக்கும் முதலாம் கியரில் போனது, அவ்வளவுதான் தெரியும். அந்தப் பழக்கத்தோடு கனடா போனவர்களுக்கு நிறையைக் குறை என்று எந்தப் புத்தகமும் சொல்லிப் பயனில்லை. நானும் அந்த இடத்தில் பேசாமல் விட்டேன்.

இப்போது அடுத்த படி. வண்டியின் சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சின்னச் சிட்டை ஒட்டியிருக்கும், மஞ்சள் கரை போட்டு. அதைப் படிக்காதீர்கள். படித்தால், ஆட்களும் சாமானும் சேர்த்து இவ்வளவு கிலோவுக்கு மேல் இந்த வண்டியில் ஏறக்கூடாது என்று இருக்கும். மருமகனின் சிட்டையில் 680. ஐந்து தொன் எங்கே, 680 கிலோ எங்கே! ஆனால் வண்டியைப் படுக்கவைப்பது இந்தச் சின்ன எண்தான். ஏனென்றால் பெட்டி முழுவதும் தன் சில்லில் நிற்பதில்லை. அதன் மூக்கு வண்டியின் பின்பக்கத்தில் கிடக்கிறது. அந்த மூக்கு நிறை முழு நிறையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை இருக்கவேண்டும் என்பது அங்கத்தைய விதி. 3,700க்கு 13 போட்டால் 480 கிலோ.

கணக்கைப் பாருங்கள். 680இல் 480 போக 200. இரும்புக் கொழுக்கியும் அதன் சட்டங்களும் 45, மிச்சம் 155. மருமகன் 88, மனுசி 66, பிள்ளைகள் இரண்டும் 90. அக்கா கதவைத் திறக்க முதலே வண்டி 89 கிலோ கடன். அக்கா 61. எல்லாரும் ஏறியபிறகு 150 கிலோ கூட. இழுக்கிற கணக்கில் ஒரு தொன்னுக்கு மேலே மிச்சம் கிடக்க, சுமக்கிற கணக்கில் வண்டி வங்குரோத்து. பின்பக்கம் குந்தியது, முன்பக்கம் கிளம்பியது, ஸ்ரியறிங் பஞ்சு மாதிரி ஆனது, இரவில் முன்விளக்கு வானத்தில் வெள்ளி எண்ணியது. நிறையைப் பங்கிட்டுக் கொடுக்கிற விசேட கொழுக்கி பூட்டினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் ஒருவர் சொல்லி இருக்கிறார். அது பாரத்தின் ஒரு பங்கை முன்சில்லுக்கும் பெட்டியின் சில்லுக்கும் தள்ளிவிடும், உண்மை. ஆனால் 680 என்ற எண்ணை அது 681 ஆக்காது.

இதற்கெல்லாம் மருமகன் கண்டுபிடித்த மருந்தைக் கவனமாகக் கேளுங்கள். முன்னுக்குப் பாரம் கூடிவிட்டதா? சரி, சாமானைப் பின்னுக்குத் தள்ளு. ஜெனரேற்றர், உரல், கூழ்ப்பானை, அரிசி எல்லாம் பெட்டியின் வாலுக்குப் போயின. மூக்கு நிறை 200 கிலோவுக்கு இறங்கியது. 680இல் கொழுக்கி 45 போய், மூக்கு 200 போய், ஆட்கள் 305 போய், இன்னும் 130 மிச்சம். சிட்டை சந்தோசப்பட்டது. வண்டி நிமிர்ந்து நின்றது. படம் எடுத்து அனுப்பினான்: "மாமா, எப்பிடி?"

படத்தைப் பார்த்ததும் எனக்கு என் பெரியப்பாவின் மாட்டுவண்டில் நினைவுக்கு வந்தது. சாக்கு அடுக்கி முடிந்ததும், மாட்டைப் பூட்ட முதல், அவர் நுகத்தை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். தூக்கும்போது முகத்தைப் பார்த்தால் தராசு முள் மாதிரி இருக்கும். லேசாக எழும்பினால், "பின்பாரம்" என்று ஒரு சாக்கை இழுத்து முன்னுக்குப் போடுவார். எழும்பாவிட்டால், "முன்பாரம்" என்று ஒன்றைப் பின்னுக்குத் தள்ளுவார். முன்பாரம் கூடினால் நுகம் கழுத்தில் ஏறி உட்காரும், மாடு கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுப் படுத்துவிடும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே கிளம்பும், கழுத்துக் கயிறு குரல்வளையில் இறுகும். படுத்த மாட்டை எழுப்பலாம் என்பார் பெரியப்பா. நூற்றுக்கு 10, 15 என்ற விதியை அவர் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. கையில் இருந்தது.

லான்ட்மாஸ்ரரிலும் அதே கதைதான். பெட்டியின் வாலில் நான்கு பெடியள் ஏறி இருந்தால் மூக்கு கிளம்பும், மூக்கு கிளம்பினால் முன்சில்லு இரண்டும் மண்ணில் பிடிமானம் இல்லாமல் சுழலும். பெடியளை முன்னுக்கு வரச் சொன்னால் வண்டி நகரும். பத்துக் குதிரைவலுவுக்குள் அடங்கிய எஞ்சின் அது, பாரத்தை இடம் மாற்றினால்தான் உயிர் வரும்.

மருமகனின் 200 கிலோ, 3,700இல் நூற்றுக்கு ஐந்துதான். ஆகவே ரொறன்ரோவிலிருந்து வடக்கே போகிற 400ஆம் நெடுஞ்சாலையில், பரி நகரைத் தாண்டுகிற இடத்தில், பக்கத்தால் ஒரு பெரிய லொறி காற்றடித்துக்கொண்டு போக, பெட்டி நாய்வால் மாதிரி ஆடத் தொடங்கியது. இந்த இடத்தில் செய்யவேண்டியது: வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதியுங்கள், ஸ்ரியறிங்கை எதிர்ப்பக்கம் வெட்டுங்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துங்கள். அவன் மூன்றையும் செய்தான். முருகன் காப்பாற்றினான். அப்படி மிதிக்காமல், காலை மெதுவாக எடுத்து, பெட்டியின் பிரேக்கை மட்டும் கையால் பிடிக்கிற சின்ன நெம்புகோலை அழுத்தியிருந்தால், பெட்டி பின்னுக்கு இழுபட்டு நேராகியிருக்கும். அந்த நெம்புகோல் அவன் வண்டியிலும் இருந்தது. அது எதற்கென்று வீடு திரும்பியபின் என்னிடம் கேட்டான்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நீங்கள் பத்துக் குதிரைவலுவில் ஒரு தொன் இழுத்தனீங்கள், நான் நானூறில் நாலு தொன் இழுக்கேலாதோ?" என்று கேட்டான். நான் இழுத்தது மணிக்கு 15 கிலோமீற்றரில். அவன் இழுத்தது 105இல். வேகம் ஏழு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு 49 மடங்கு. அதைத் தள்ள வேண்டிய வலு 343 மடங்கு. அறைச்சுவர் மாதிரி நேராக நிற்கிற முகப்பை வைத்துக்கொண்டு காற்றைக் கிழிக்கிற வேலை அது. 105இல் ஓடுங்கள், பெற்றோல் கடைக்காரரும் பிள்ளை குட்டி உள்ளவர்தானே.

இழுப்பதைப் பற்றியே எல்லாரும் பேசுவார்கள். நிற்பாட்டுவதைப் பற்றி நீங்களும் பேசாதீர்கள். எங்கள் நாட்டில் கப் என்கிற ஹைலக்ஸின் புதிய டீசல் மொடல்கள் பலவற்றுக்கு, பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிரேக் உள்ள பெட்டியென்றால் 3,500 கிலோ, பிரேக் இல்லாத பெட்டியென்றால் 750 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். ஒரே எஞ்சின், ஒரே கொழுக்கி, ஒரே வண்டி. 2,750 கிலோ எங்கே போனது? பிரேக்கில் போனது. ஒன்ராறியோவில் 1,360 கிலோவோ அதற்கு மேலோ உள்ள பெட்டிக்குத் தனிப் பிரேக் இருக்கவேண்டும் என்பது சட்டம். லான்ட்மாஸ்ரர் பெட்டியிலும் காலால் மிதிக்கிற பிரேக் பெட்டியின் சில்லுக்குத்தான் போகும், முன்சில்லுக்கல்ல. அந்த மிதியை ஆர் கண்டுபிடித்தானோ, அவன் பெட்டி தள்ளி ஒருதரம் விழுந்தவனாகத்தான் இருக்கவேண்டும்.

நான் விழப்பார்த்த கதையும் ஒன்று உண்டு. காரைநகரில் நல்ல தண்ணீர் கிடையாது, கிணறுகள் பெரும்பாலும் உவர். குடிதண்ணீர் பவுசரிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் வந்துதான் ஆகவேண்டும். ஒரு பின்னேரம் ஆயிரம் லீற்றர் தாங்கியோடு மூளாயிலிருந்து வந்துகொண்டிருந்தேன். வழியில் இரண்டு வீட்டுக்கு இறைத்ததால் தாங்கி பாதி. பொன்னாலைப் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் கடல், சோளகக் காற்று பக்கவாட்டில் அடிக்கிறது. ஒரு மாடு குறுக்கே வந்து நின்றது. மிதித்தேன். லான்ட்மாஸ்ரர் நின்றது, பெட்டி நின்றது, நானும் மூச்சு விட்டேன். அதற்குப் பிறகுதான் தண்ணீர் வந்தது. தாங்கியின் பின்சுவரிலிருந்து முன்சுவருக்கு ஐந்நூறு கிலோவும் ஒன்றாக வந்து "தும்" என்று மோத, நின்ற வண்டி மறுபடி ஒரு முழம் போனது. மாடு என்னைப் பார்த்தது. நான் மாட்டைப் பார்த்தேன். முழுத் தாங்கி பரவாயில்லை, வெறுந் தாங்கியும் பரவாயில்லை, அரைத் தாங்கிதான் ஆளைத் தின்னும். நல்ல தாங்கிக்குள் குறுக்கே தடுப்புத் தகடு வைத்திருப்பார்கள். என்னுடையதில் இல்லை. காம்பிங் ரெயிலரின் தாங்கியைப் பாதி நிரப்பிக்கொண்டு புறப்படுகிறவர்கள் இந்த மாட்டை நினைத்துக்கொள்ளலாம்.

லான்ட்மாஸ்ரர் பழக விரும்புவோருக்கு இன்னொரு பாடம்: சமதரையில் இடக்கைக் கிளச்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். துறையடிக்கு இறங்குகிற சரிவில், பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது, அதே இடக்கையைப் பிடித்தால் வலப்பக்கம் திரும்பும். இழுக்கிறவன் யார், தள்ளுகிறவன் யார் என்பது மாறினால் எல்லாம் தலைகீழ். புதிதாகப் பழகியவர்கள் நேரே தண்ணீருக்குள் போவது இப்படித்தான். சரிவில் எங்கள் ஆட்கள் கிளச்சைத் தொடவே மாட்டார்கள், பிடியைத் தோளால் தள்ளித் திருப்புவார்கள்.

நிறுத்துப் பார்ப்பது என்ற படியை மருமகன் முழுவதாகத் தவிர்த்துவிட்டான், ஆகவே அதைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். அங்கே நெடுஞ்சாலை ஓரத்து லொறித் தரிப்பிடங்களில் நிறுவை மேடைகள் இருக்கின்றன. கொஞ்சக் காசு. முதலில் எல்லாரும் ஏறிய வண்டியை மட்டும் நிறுக்கவேண்டும், பிறகு பெட்டியைப் பூட்டி, முன்சில்லு, பின்சில்லு, பெட்டிச்சில்லு என்று தனித்தனியாக. வண்டி கூடிய அளவுதான் மூக்கு நிறை. பதினைந்து நிமிச வேலை. அதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். "நிறுத்துப் பார்த்தால் கூட வரும் மாமா" என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை.

கடைசிப் படி, வண்டியையும் பெட்டியையும் ஊருக்குக் கொண்டுவருவது. மார்கழித் திருவாதிரைக்கு ஈழத்துச் சிதம்பரத்துக்கு வரும்போது பெட்டியைக் கசூரினாக் கடற்கரையில் சவுக்கு மரத்துக்குக் கீழே நிறுத்தி அதற்குள்ளேயே படுக்கலாம் என்று அவனுக்கு ஆசை. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிற்பாட்டினார்கள், சொந்த வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். வரி கட்டினால் அந்தக் காசுக்கு இங்கே வளவும் வீடும் வாங்கலாம். ஸ்ரியறிங் வேறு இடப்பக்கம். இதெல்லாம் சின்ன விசயம், விடுங்கள். எங்கள் ஒழுங்கைக்குள் அந்தப் பெட்டி வராது. இரண்டு பக்கமும் வெளிநாட்டுக் காசில் கட்டிய மதில். அதில் ஒரு பக்க மதில் மருமகனே காசு அனுப்பிக் கட்டியது, ஒரு அடி வெளியே தள்ளி.

போன மார்கழியில் அவன் குடும்பத்தோடு வந்தான், விமானத்தில். கசூரினாவுக்கு என்னுடைய லான்ட்மாஸ்ரரில்தான் போனோம். ஏற முதல் அவன் மகள், பத்து வயது, பெட்டியின் மூக்கைப் பிடித்து ஒரு கையால் தூக்கப் பார்த்தாள். "பின்பாரம் தாத்தா, அப்பாவை முன்னுக்கு வரச் சொல்லுங்கோ" என்றாள். எழும்பி வந்தான்.

இன்னும் ஒன்று. பெட்டி இழுக்கிறவர்கள் எல்லாரும் சொல்லுவார்கள், தண்ணீர்த் தாங்கியை வெறுமையாக்கிவிட்டுப் புறப்படு, போகிற இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்று. நல்ல புத்தி, கேளுங்கள். காரைநகருக்கு வருவதென்றால் மட்டும் நிரப்பிக்கொண்டு வாருங்கள்.